ஸ்க்ரோல் சா: புதிதா, பழையதா?

மரவேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் மெஷின் ஸ்க்ரோல் சா. மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கும். மரத்தை மேசையில் படிய வைத்து, பென்சில் கோட்டின்மேல் கையால் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டியதுதான். பூஜையறைக் கதவுக்கான ஜாலி, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, குழந்தைகளுக்கான மரப் புதிர் என்று எல்லாம் இதில் வரும். இடம் அதிகம் வேண்டாம். வட்ட ரம்பம் அளவுக்குச் சத்தமும் இல்லை, ஆபத்தும் இல்லை.

வாங்கக் கிளம்பும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. புதிதாக வாங்குவதா, செகண்ட் ஹேண்ட் போதுமா? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்கள் பெரும்பாலும் மெஷினின் வயதைப் பற்றியவை. ஆனால் மெஷின் எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி; இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. வயது அதற்கெல்லாம் பிறகுதான்.

"புதிது என்றால் கவலையே இல்லை"

மிக அதிகமாகப் பணத்தை வீணாக்கும் நம்பிக்கை இது. சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 16 அங்குல மெஷின்களைப் பாருங்கள் (பிளேடிலிருந்து பின்சட்டம் வரை உள்ள தூரமே இந்த அளவு). பெட்டியின் நிறமும் ஸ்டிக்கரும்தான் மாறும்; உள்ளே இருப்பது அநேகமாக ஒரே அமைப்பு. இவற்றில் பல, பின் வைத்த பிளேடுகளை மட்டுமே ஏற்கும். பிளேடின் இரு முனைகளிலும் குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கும். அதைக் கொக்கியில் மாட்டினால் போதும். கடையில் செய்து காட்டும்போது சுலபமாகத் தெரியும்.

ஸ்க்ரோல் சாவின் முக்கால்வாசி வேலை உள்வெட்டு. ஜாலியில் உள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும் முதலில் டிரில்லால் துளை போட்டு, பிளேடை அதன் வழியே நுழைத்து மாட்டி, பிறகுதான் அறுக்க வேண்டும். பின் உள்ள பிளேடு நுழைய ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் துளை வேண்டும். பின் இல்லாத 5 அங்குலச் சாதாரண பிளேடுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய துளையே போதும். மிக மெல்லிய பிளேடுக்கு அதைவிடச் சிறியதே போதும். கொடியின் நுனி, எழுத்தின் சுழி, மயிலின் கண் ஆகிய இடங்களில் 5 மில்லிமீட்டர் துளையைப் போட்டால் வடிவமே போய்விடும். அதோடு, பின் இல்லாத பிளேடில் 2/0-லிருந்து 12 வரை பல அளவுகள் கிடைக்கின்றன. ரிவர்ஸ் டூத், ஸ்கிப் டூத், ஸ்பைரல் என்று வகைகளும் உண்டு. பின் பிளேடில் அந்தத் தேர்வு கிடையாது.

அடுத்தது ஸ்ட்ரோக். மலிவு மெஷின்களில் பிளேடு மேலும் கீழும் நகரும் தூரம் பெரும்பாலும் அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். நல்ல மெஷின்களில் முக்கால் அங்குலம். கால் அங்குலம்கூட இல்லாத இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் அதிகப் பற்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும், தூள் வெளியேறும், பிளேடு சூடாகாது, மரம் கருகாது.

வாரண்டியையும் நம்பிவிடாதீர்கள். கிளாம்ப், பிளேடு போன்ற தேய்மானப் பாகங்கள் வழக்கமாக அதில் அடங்குவதில்லை. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இல்லையென்றால், இத்தனை கனமான மெஷினைப் பார்சல் கட்டி அனுப்பும் செலவும் சிரமமும் உங்களுடையதே.

"பழையது என்றால் தேய்ந்துபோயிருக்கும்"

எது தேயும் என்று தெரியாதவரைதான் இந்தப் பயம். ஸ்க்ரோல் சாவின் மோட்டாருக்குப் பெரிய சுமை இல்லை. டிவால்ட் டிடபிள்யூ 788 என்ற புகழ்பெற்ற 20 அங்குல மெஷினின் மோட்டார் 120 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். சாதாரண மின்விசிறியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவ்வளவே. அப்படிப்பட்ட மோட்டார் எளிதில் கெடாது. பிளேடைப் பிடித்திருக்கும் மேல், கீழ்க் கைகள் அசையும் மூட்டுகளில் உள்ள பேரிங்குகளும் புஷ்களும்தான் தேயும். நிமிடத்துக்கு 400 முதல் 1750 தடவை வரை இந்தக் கைகள் மேலும் கீழும் போய்வருகின்றன. கிரீஸ் வற்றிய மூட்டு அங்கே அடி வாங்கும்.

பேரிங் தேய்வதோ பெரிய நோய் அல்ல. பேரிங்கின் மேலேயே நம்பர் பொறித்திருக்கும். உதாரணமாக 608 என்று இருந்தால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, கனம் 7 மில்லிமீட்டர் என்பது உலகம் முழுக்க ஒரே கணக்கு. பழையதைக் கழற்றி பேரிங் கடையில் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். புஷ் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து தருவார்கள்.

உள்ளூரில் தீர்க்க முடியாதவை இரண்டு. ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் போர்டு. இன்னொன்று, அந்தக் கம்பெனிக்கே உரிய பிளேடு கிளாம்ப். ஆகவே பழைய மெஷின் வாங்கும்போது "எத்தனை வருஷம் ஓடியது" என்பதை விட, "இதன் போர்டும் கிளாம்பும் இன்னும் விற்பனையில் இருக்கின்றனவா" என்ற கேள்விக்கே முன்னுரிமை. கம்பெனி மூடிப்போய் உதிரிபாகமும் இல்லையென்றால் அந்த மெஷின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

"கோட்டை விட்டு விலகி அறுக்கிறது, மெஷின் பழுது"

செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு நல்ல மெஷின்கள் வந்து சேர இந்தத் தவறான முடிவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கியவர் கோட்டின்மேல் நேராகத் தள்ளுகிறார், பிளேடு வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மெஷின் சரியில்லை என்று மூலையில் போடுகிறார்.

காரணம் பிளேடில் இருக்கிறது. பல்லை வெட்டும்போது பிளேடின் ஒரு பக்க விளிம்பில் மட்டும் மிகச் சிறிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூர்மை அதிகம் என்பதால் பிளேடு அங்கே சாயும். விலை உயர்ந்த மெஷினிலும் இது நடக்கும். மரத்தைச் சில டிகிரி திருப்பித் தள்ளினால் கோடு நேராக வரும். பழகிவிட்டால் கை தானாகவே அதைச் செய்யும்.

பிளேடு அறுந்துகொண்டே இருப்பதும் இப்படித்தான். இழுப்பு குறைவு, மழுங்கிய பிளேடு, மரத்தை அவசரமாகத் தள்ளுவது, பக்கவாட்டில் அழுத்துவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். சரியாக இழுத்துக் கட்டிய பிளேடை விரலால் சுண்டினால் மந்தமாக இல்லாமல் தெளிவாக ஒலிக்கும். கடின மரத்தில் ஒரு பிளேடு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் மழுங்கிவிடும். அதைச் செலவாக நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால் அறுந்துதான் போகும். கிளாம்பிலிருந்து பிளேடு நழுவுகிறதா? புதுப் பிளேடுகளில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். முனைகளைத் தின்னரால் துடைத்து, உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, கிளாம்பின் வாயையும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இவை தெரிந்த ஒருவர், வேறொருவர் பழுது என்று ஒதுக்கிய மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம்.

மெஷின் அதிர்கிறது என்ற புகாரையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆடுகிற மேசையில் வெறுமனே வைத்த எந்த ஸ்க்ரோல் சாவும் அதிரும். கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகும் அதிர்ந்தால்தான் அது மெஷினின் குறை.

"அந்தக் காலத்து வார்ப்பிரும்புக்கு ஈடில்லை"

பழையதின்மேல் பயம் உள்ளவர்களைப் போலவே பக்தி உள்ளவர்களும் இருக்கிறார்கள். 1870-களிலேயே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் சகோதரர்கள் காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாக்களைச் செய்து விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் டெல்டா கம்பெனியின் 24 அங்குல வார்ப்பிரும்பு மெஷின்கள் பள்ளிப் பட்டறைகள் வரை பரவின. பார்க்கக் கம்பீரமானவை, இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் மேல்கை அசையாது. கீழிருந்து மோட்டார் பிளேடை இழுக்கும், மேலே ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்பத் தூக்கும். ஸ்பிரிங்கின் இழுப்பு ஸ்ட்ரோக் முழுவதும் சீராக இருக்காது. தடித்த பிளேடு தாங்கிக்கொள்ளும். நுண்ணிய வேலைக்கான மெல்லிய பிளேடு தாங்காது. உள்வெட்டு ஒவ்வொன்றுக்கும் பிளேடு மாற்றுவதும் நேரம் பிடிக்கும்.

இரு கைகளும் சேர்ந்தே அசையும் பேரலல் ஆர்ம் அமைப்பு வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. ஜெர்மனியின் ஹெக்னர் அதில் பெயர் பெற்றது. அதற்கும் பிறகு வந்தது கைகளைக் குட்டையாக்கி இணைப்புக் கம்பிகளால் இயக்கும் அமைப்பு. டிவால்டும் எக்ஸ்காலிபரும் இந்த வகை. அதிர்வு இதில் இன்னும் குறைவு. பழையது வாங்குவதென்றால் இந்த இரண்டு வகைகளில் ஒன்றைத் தேடுங்கள். வார்ப்பிரும்பு டெல்டாவை அழகுக்காக வாங்குகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். ஜாலி அறுக்க அது வேண்டாம்.

தொண்டை ஆழம், அதாவது பிளேடிலிருந்து பின்சட்டம் வரை உள்ள தூரம், பெரிதாக இருந்தால்தான் நல்ல மெஷின் என்பதும் பாதி உண்மையே. வீட்டில் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்கு 16 முதல் 20 அங்குலமே தாராளம்.

பிராண்டுப் பெயரை மட்டும் பார்ப்பதும் அப்படியே. டிவால்ட் 788 முதலில் கனடாவிலும் பிறகு தைவானிலும் தயாரானது. கனடாவில் செய்ததுதான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடுகிறார்கள். கிரீஸ் வற்றி மூட்டு ஆடும் கனடா மெஷினை விட, ஒழுங்காகப் பராமரித்த தைவான் மெஷின் எவ்வளவோ மேல். எக்ஸ்காலிபரின் அமைப்பை ஒத்த மெஷின்கள் இன்று பெகாஸ், சீக்கோ என்ற வேறு பெயர்களிலும் வருகின்றன. பெயர்ப்பலகைக்காக அதிக விலை தர வேண்டியதில்லை.

"வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும்"

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஊர் திரும்பும்போது சாமான்களோடு பழைய மெஷினையும் அனுப்பிவைப்பது உண்டு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பெல்ட்டும் புல்லியும் கொண்ட பழைய மாடல்களில் உள்ள இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் இங்கே ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். வேகத்தைத் திருகிக் கூட்டும் டிசி மோட்டார் மெஷின்களில் இந்தச் சிக்கல் இல்லை. போதிய திறன் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும். எனவே மோட்டாரின் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுச் சம்மதியுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது

கையோடு சில புதிய 5-ஆம் நம்பர் பிளேடுகளும், முக்கால் அங்குலக் கனத்தில் தேக்குத் துண்டு ஒன்றும் எடுத்துப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றி, மேல்கையின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். மூட்டில் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கிளாம்பின் திருகு மரை போயிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிளேடை மாட்டி, மிகக் குறைந்த வேகத்திலிருந்து உச்சம் வரை படிப்படியாக ஏற்றுங்கள். இடையில் திணறினாலோ வேகம் தானாகத் தாவினாலோ போர்டில் கோளாறு. ஒரே வேகத்தில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் மூட்டில் கோளாறு. பிறகு தேக்கில் ஒரு வட்டம் அறுத்துப் பாருங்கள். வெட்டின் பக்கங்கள் மேலும் கீழும் நேராக, வழவழப்பாக இருக்க வேண்டும். தூளை ஊதும் குழாய் உடைந்திருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்ப் அந்த வேலையைச் செய்துவிடும்.

ஓட்டிக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். காரணம் எதுவானாலும் சரி.

புதிது வாங்குவதே சரியாகும் சூழல்களும் உண்டு. நம் ஊர்களில் நல்ல பேரலல் ஆர்ம் மெஷின் செகண்ட் ஹேண்டில் அபூர்வமாகத்தான் வருகிறது. மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும், மெஷினைக் கழற்றிப் பூட்டப் பிடிக்காதவர்களும், தொழிலாகச் செய்து குறித்த நாளில் ஆர்டர் முடித்துத் தர வேண்டியவர்களும் புதிதே வாங்கட்டும். பழையதின் விலை புதிதின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலும் புதிதுதான் லாபம். பாதிக்குக் கீழே கிடைத்து, மேலே சொன்ன சோதனைகளில் தேறி, உதிரிபாகமும் கிடைக்கிறது என்றால் பழையதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பின் பிளேடை மட்டுமே ஏற்கும் மெஷினை மட்டும், புதிதானாலும் பழையதானாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.