யார் அவன்?

ஆம்பூர்ப் புகைவண்டி நிலையத்தில் மாணவர் நால்வர் காட்பாடி வண்டியை எதிர்நோக்கி அமர்ந்திருந்தனர். ஒருவன் விடுகதை தொடுத்தான்; வெல்பவர்க்குச் சன்னலோர இருக்கை என்பது உடன்பாடு.

"அவன் தடித்த தோலன், எனினும் நம் ஊர்த் தோல் பதனிடுவோர்க்கு அஞ்சான். இரயில்வேயில் பணிபுரிவான், ஊதியம் பெறான். யார்?"

"எருமை!"

"தண்டவாளத்தின் குறுக்கே படுப்பதும் ஒரு பணியோ?" என்று மற்றவர் நகைத்தனர்.

"நீலச் சட்டை அணிவான்; விளக்கு ஏந்துவான்; துதிக்கையும் உண்டு."

"பிள்ளையார்!"

"விளக்கின் நிறம் என்ன?" என்று வினவினாள் மாணவி ஒருத்தி.

"பச்சை."

"அவ்வாறாயின் அவன் கார்டு. பின்பெட்டியில் நின்று, வண்டி புறப்படலாம் எனப் பச்சை காட்டுபவர் அவரன்றோ?"

அவள் கூறியதே சரி. இந்திய இரயில்வேயின் 150-ஆம் ஆண்டு விழாவுக்கென 2002 ஏப்ரல் 16-இல் பெங்களூரில் அறிமுகமான யானைக் கார்டு 'போலு' அவன். தேசிய வடிவமைப்புக் கழகத்தார் வரைந்த அவ்வுருவம் 2003-இல் நிலையான சின்னமாயிற்று. இந்தியில் 'போலா' என்பது கள்ளமற்றவனைக் குறிக்கும். அதனைப் 'போலி' எனப் படித்தல் பிழை.

"2022 முதல் கார்டை 'ரயில் மேலாளர்' என்கின்றனரே; போலுவுக்கும் பதவி உயர்வோ?" என்றான் தோற்றவன். அதற்குள் வண்டி வந்தது; மாணவி சன்னலோரம் அமர்ந்தாள்.