வீட்டிலேயே கொம்பைலர் கட்டுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

லினக்ஸ் போட்ட கணினியில் ஒரு வரி அடித்தால் ஜிசிசி கொம்பைலர் ஆயத்தமாக வந்து இறங்கிவிடும். அனேகருக்கு அது போதும். கடையில் மா விற்கும்போதும் வீட்டில் இடித்துத்தான் பிட்டு அவிப்பேன் என்கிற ஆட்கள் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார்கள். இந்தக் குறிப்புகள் அவர்களுக்கு. மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் தகரக் கூரை போட்ட பின்னறையில், எட்டு ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டொப்பில் பலமுறை கட்டிக் கெடுத்துக் கற்றவை இவை.

1. எல்டிஓ, அதாவது லிங்க் நேரச் செம்மையாக்கம், வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வழக்கமாகக் கொம்பைலர் ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றும். லிங்கர் கடைசியில் வந்து துண்டுகளைத் தைக்கும். எல்டிஓ போட்டால் ஒவ்வொரு துண்டும் அரைவேக்காடாக, கொம்பைலரின் உள்மொழியிலேயே கோப்பில் நிற்கும். லிங்க் பண்ணும் நேரத்தில்தான் முழு நிரலையும் ஒன்றாகப் பார்த்து, ஒரு கோப்பின் செயல்கூறை இன்னொரு கோப்புக்குள் விரித்து, ஒருவரும் கூப்பிடாததை வெட்டி எறிந்து, மிச்ச வேலையை முடிக்கும். ஜிசிசியில் இந்த வசதி 2010 ஏப்ரலில் 4.5 பதிப்போடு வந்தது. கிடைக்கும் கொம்பைலர் கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான். ஆனால் கட்டும்போது பாரமெல்லாம் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும். கொம்பைல் ஓடும்போது எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். லிங்க் தொடங்கும் நேரத்தில் நித்திரைக்குப் போவார்கள். மாற்றிச் செய்யுங்கள்.

2. இறக்கும்போது கிட் களஞ்சியம் முழுவதையும் இழுக்காதீர்கள். பல வருட வரலாறும் சேர்ந்து வந்து டேட்டாவைத் தின்றுவிடும். வெளியீட்டுப் பொதி போதும். 14ஆம் பதிப்பின் எக்ஸ்இசட் பொதி சுமார் 90 எம்பிதான். இரவு டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்தில் இறக்கலாம். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்கள் இல்லாமல் ஜிசிசி அசையாது. அவற்றை இறக்கித் தருவதற்கென்றே மூலநிரலின் 'கொன்ட்ரிப்' கோப்புறையில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இருக்கிறது. சிக்னல் இருக்கும்போதே அதையும் ஓட்டி முடித்துவிடுங்கள்.

3. இறக்கிய பொதியின் கையொப்பத்தைச் சரிபாருங்கள், ஆனால் அதோடு நெஞ்சாறிவிடாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு பிடிபட்டது. பொதியைக் கட்டிக் கையொப்பமிட்ட கையே கள்ளக் கை. எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி பிந்துகிறதே என்று துருவிப் போன ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். கொம்பைலருக்குள்ளேயே கள்ளத்தை ஒளித்தால் மூலநிரலை எத்தனை முறை வாசித்தாலும் தெரியாது என்று கென் தொம்சன் 1984இலேயே தன் டியூரிங் விருது உரைக் கட்டுரையில் காட்டியிருக்கிறார்.

4. மூலநிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே கட்டாதீர்கள். பக்கத்தில் வெறுமையான இன்னொரு கோப்புறை திறந்து அதற்குள் நின்று கட்டுங்கள். கெட்டுப்போனால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கோப்புறைப் பெயரில் இடைவெளி வேண்டாம். இடம் போதவில்லை என்று பென் டிரைவிலோ எக்ஸ்ஃபாட் போட்ட வெளி டிஸ்க்கிலோ கட்டப் போனால் குறியிணைப்புகள் பிடிக்காது, பாதியில் விசித்திரமான பிழை வரும். லினக்ஸின் சொந்தக் கோப்புமுறையில் 15 ஜிபியாவது வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. தேவையான மொழிகளை மட்டும் கேளுங்கள். சீ, சீ பிளஸ்பிளஸ் போதும். ஃபோர்ட்ரானும் ஏடாவும் யாருக்கு? 32 பிட் நூலகங்களையும் நிறுத்திவிடலாம். நிறுவும் இடம் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு மூலையாக இருக்கட்டும். கணினியோடு வந்த கொம்பைலரின் தலையில் கொண்டுபோய்ப் புதியதை வைத்தால், நாளைக்கு ஏதும் பிசகினால் திருத்தக் கைக்கொரு கொம்பைலர் இராது.

6. ஜிசிசி தன்னை மூன்று முறை கட்டிக்கொள்ளும். பழைய கொம்பைலர் முதல் சுற்றைக் கட்டும், முதல் சுற்று இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. பிறகு இரண்டாம் சுற்றின் கோப்புகளையும் மூன்றாம் சுற்றின் கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கோளாறு. இதை விளங்கப்படுத்தியபோது அம்மா, "ஒரே சோத்தை ஏன்டா மூண்டு தரம் காய்ச்சிறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எல்டிஓவுக்கு 'பூட்ஸ்ட்ராப்-எல்டிஓ' என்ற அமைப்பைக் கொடுக்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க விரும்பினால் 'பூட்ஸ்ட்ராப்-எல்டிஓ-லீன்' என்று ஒன்று இருக்கிறது. அது கடைசிச் சுற்றில் மட்டும் எல்டிஓ போடும். இரண்டு சுற்றும் வேறு வேறு விதமாக ஆவதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அதில் போய்விடும். நான் லீன் பக்கம் போவதில்லை. ஒப்பீடு சரியாக முடிந்தது என்ற அந்த ஒரு வரிக்காகத்தானே இரண்டு இரவு கண் விழிக்கிறோம்.

7. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். மேக் கட்டளைக்கு 'ஜே' போட்டு எத்தனை வேலை ஒன்றாக ஓடலாம் என்று சொல்வோம். கணினிக்கு எட்டுக் கரு இருந்தால் எட்டு என்று போடச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லித் தருவார்கள். கொம்பைலுக்கு அது சரி. ஒரு சின்னக் கோப்பு கொஞ்ச மெமரிதான் கேட்கும். ஆனால் எல்டிஓ லிங்க் வரும்போது சீ முன்முகம், சீ பிளஸ்பிளஸ் முன்முகம், எல்டிஓ முன்முகம் என்று பெரிய நிரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். ஒவ்வொன்றும் தன் முழு உடம்பையும் மெமரிக்குள் கொண்டுவரப் பார்க்கும்.

என் முதல் முறை இப்படித்தான் போனது. இரவு ஒரு மணி. எலிக் குறி நகரவில்லை. விசிறி விசில் அடித்தது. டிஸ்க் விளக்கு அணையாமல் சிவந்தே நின்றது. பத்து நிமிடம் கழித்துத் திரையில் 'கில்ட்' என்று ஒரே ஒரு சொல். ஏன், எதனால் என்ற விளக்கம் ஒன்றும் இல்லை. மூலநிரலில் பிழை என்று நினைத்து அடுத்த நாள் முழுக்கத் தேடினேன். 'டிமெசேஜ்' கட்டளையைப் போட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்: மெமரி முடிந்ததால் கேர்னலே லிங்கரைக் கொன்றிருக்கிறது.

மருந்து ஜிசிசிக்குள்ளேயே இருக்கிறது. 11ஆம் பதிப்பு முதல், கட்டமைக்கும்போது 'எனேபிள்-லிங்க்-சீரியலைசேஷன்' என்று ஒரு விருப்பு கொடுக்கலாம். முன்முகங்கள் எல்லாம் கியூவில் நின்று ஒன்று முடிந்த பிறகு மற்றது லிங்க் ஆகும். கொம்பைல் எட்டாக ஓடினாலும் லிங்க் ஒவ்வொன்றாகப் போகும். அதோடு எட்டு ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றும் போட்டுவையுங்கள். நேரம் கூடும், ஆனால் முடியும்.

8. ஸ்வாப் போட்டும் மெமரி நிறைகிறதா? '/டிஎம்பி' கோப்புறை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல லினக்ஸ்களில் அது டிஸ்க்கில் இல்லை, மெமரிக்குள்தான் இருக்கிறது. எல்டிஓ நிரலைப் பல துண்டாக்கி இடைக்கோப்புகளை அங்கேதான் கொட்டும். ஜிசிசியின் வழக்கமான கணக்கு 128 துண்டு. 'டிஎம்பிடிஐஆர்' சூழல் மாறிக்கு டிஸ்க்கில் ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. சின்ன விடயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

9. எங்கள் மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 100 மெகாவாட் கொள்ளளவோடு சுற்றுகின்றன. அதற்காக வீட்டில் கரண்ட் நிற்காது என்று நம்பி இருக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாடு ஒரு நாளைக்குப் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு முழு இலங்கையும் இருண்டது. எங்கள் வீட்டில் ஒரு கழுதை. மரக்கறித் தோல் தேடி விறாந்தைக்கு வந்து எக்ஸ்டென்ஷன் வயரில் காலை மாட்டி இழுத்துவிட்டது. லேப்டொப்பின் பற்றரி செத்து ஒரு வருடம். மன்னாரில் இருக்கிறவர்களுக்குக் கழுதை வந்ததில் ஆச்சரியம் இராது.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்க வேண்டாம். அதே கோப்புறையில் மேக் மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து போகும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒப்ஜெக்ட் கோப்புகள் பெயர் மட்டும் மிஞ்சி, உள்ளே ஒன்றும் இல்லாமல் பூச்சிய அளவில் கிடக்கும். மேக் நேரத்தை மட்டும்தான் பார்க்கும், வயிற்றைப் பார்க்காது. 'இது ஆகிவிட்டது' என்று தாண்டிப் போய் லிங்கில் விழும். 'ஃபைண்ட்' கட்டளையால் பூச்சிய அளவுள்ள '.ஓ', '.ஏ' கோப்புகளை மட்டும் தேடி அழியுங்கள். வெறுமையானவை எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். 'ஸ்டாம்ப்' என்ற பெயரோடு வரும் அடையாளக் கோப்புகள் சில வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

10. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு மணல். அந்த மணல்தான் விசிறிக்குள்ளும் போகிறது. கட்டத் தொடங்கும் முன் விசிறியைத் துடையுங்கள். லேப்டொப்பை மெத்தையில் வைக்காதீர்கள்; இரண்டு ஓட்டுத்துண்டை அடியில் கொடுத்துத் தூக்கி வைத்தால் காற்று போகும். தகரக் கூரை என்றால் பகலில் வேண்டவே வேண்டாம். சூடு ஏறினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பகல் எட்டு மணிநேரத்தில் ஆவது இரவு ஐந்தில் முடிந்துவிடும் என்பது என் வீட்டுக் கணக்கு.

11. ஜிசிசி வேண்டாம், கிளாங் வேண்டும் என்பவர்களுக்கு: அதன் அடித்தளமான எல்எல்விஎம், இலினோய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் ஆத்வேயும் 2000இல் தொடங்கியது. லிங்க் நேரத்தில் முழு நிரலையும் பார்ப்பது அவர்களுடைய தொடக்ககால எண்ணங்களில் ஒன்று. நம் நாட்டில் பிறந்த பலரினா மொழியை நேரடி இயந்திர நிரலாக்க முயன்றவர்களும் இதன்மேல்தான் கட்டினார்கள். சின்னக் கணினிக்கு முழு எல்டிஓவைத் தொடாதீர்கள், 'தின்' எல்டிஓ கேளுங்கள். 2016இல் வந்தது; கோப்புகளின் சுருக்கத்தை மட்டும் ஒன்றாகப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும், மெமரி மிகக் குறைவாகவே போகும். லிங்கராக எல்எல்டியைப் பாவியுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் லிங்க் எண்ணிக்கையை ஒன்று என்று கட்டிவையுங்கள். இலக்கு இயந்திரங்களில் உங்களுடையதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் நிரல் எழுதத் தெரிந்த கொம்பைலர் உங்களுக்கு எதற்கு?

12. எல்டிஓ போட்ட ஒப்ஜெக்ட் கோப்புகளை நூலகமாகக் கட்டும்போது சாதாரண 'ஏஆர்' பிளகின் வேண்டும் என்று அழும், சில நேரம் அழாமலே பாழாக்கும். 'ஜிசிசி-ஏஆர்', 'ஜிசிசி-ரான்லிப்' என்று கூடவே வரும் உறைகளைப் பாவியுங்கள்.

13. புதுக் கொம்பைலரால் கட்டிய நிரலை ஓட்டினால் 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் கிடைக்கவில்லை' என்று வருகிறதா? கொம்பைலர் புதிது, ஓடும்போது மாட்டுவது கணினியில் இருந்த பழைய சீ பிளஸ்பிளஸ் நூலகம். புதிய நூலகம் இருக்கும் பாதையை லிங்க் நேரத்திலேயே நிரலுக்குள் எழுதிவிடுங்கள். பழைய பதிப்பில் ஆன எல்டிஓ கோப்புகளையும் புதுக் கொம்பைலருக்குக் கொடுக்க வேண்டாம். உள்மொழி பதிப்புக்குப் பதிப்பு மாறும், வாசிக்க மறுக்கும். நேற்றைய மீன் ஆணத்தில் இன்றைய மீனைப் போடாத மாதிரி.

14. சோதனைத் தொகுதியை ஓட்ட டேஜாக்னு வேண்டும். கட்டியதை விடவும் அதிக நேரம் ஓடலாம். ஓரிரண்டு தோல்வி வருவது வழக்கம். அதே பதிப்பில் மற்றவர்களுக்கு வந்த முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

15. கட்டியதைப் பிறருக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் 'மார்ச் நேட்டிவ்' என்ற விருப்பைத் தொடாதீர்கள். உங்கள் கணினியின் சிப்புக்கென்றே அளவெடுத்துத் தைக்கும் விருப்பு அது. அதைப் போட்டுக் கட்டிய கொம்பைலரைத் தலைமன்னாரில் படிக்கிற பெடியன் ஒருவனுக்குப் பென் டிரைவில் கொடுத்துவிட்டேன். மாலை போன் வந்தது. "அண்ணை, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' எண்டு சொல்லி நிண்டிட்டுது." அவனுடைய கணினி என்னுடையதைவிட ஐந்து வயது மூப்பு. அந்தச் சிப்புக்குத் தெரியாத கட்டளைகள் அதில் நிறைய. அந்த விருப்பை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு இரவு உட்கார்ந்தேன். கதவடியில் நின்று எட்டிப் பார்த்த அம்மா இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்டென்ஷன் வயரைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.