காமாட்சி விளக்கும் காப்புறுதிப் பத்திரமும்

சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகைத் தீபத்தன்று, எங்கள் நாலறை வீட்டின் பூசை அலமாரியில் விளக்கேற்றிவிட்டுக் குடும்பத்தோடு சிராங்கூன் சாலைக்கு, ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்திற்குப் புறப்பட்டோம். வீடு திரும்புவதற்குள் பக்கத்து வீட்டார் 995ஐ அழைத்திருந்தனர். அம்பாள் அருளால் எவருக்கும் காயமில்லை. ஆனால் என் தாயார் காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த தேக்கு அலமாரியும், மனைவியின் பட்டுப்புடவைகளும் கருகிவிட்டன.

"காப்புறுதிதான் இருக்கிறதே" என்று பத்திரத்தை எடுத்தேன். அன்றுதான் அதை முதன்முதலாகப் படித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அன்று கற்றதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பத்திரம் யாருடையது? 1994 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் கடன் பெற்றவர்கள், கடன் தீரும்வரை தீக்காப்புறுதி வைத்திருக்க வேண்டும். ஆனால் பத்திரத்தை வழங்குவது கழகமன்று. அது நியமிக்கும் காப்புறுதி நிறுவனம். 2024 ஆகஸ்டு 16 முதல் அந்நிறுவனம் எட்டிகா. இழப்பீடு கோரவும் நிறுவனத்தையே அணுகவேண்டும். ஐந்தாண்டுச் சந்தா பத்து வெள்ளிக்கும் குறைவு. தவணை முடிந்ததும் புதுப்பிக்க மறக்கலாகாது.

எதற்குக் காப்பு? கழகம் முதலில் கட்டித் தந்த சுவர், கதவு, பொருத்துகள் ஆகியவற்றுக்கு மட்டுமே. நாம் பின்னர் போட்ட தரைக்கல், புதுப்பிப்பு வேலை, தளவாடம், துணிமணி, நகை எதுவும் அதில் அடங்காது. சுவரைச் சீர்செய்யப் பணம் கிடைத்தது, அலமாரிக்குக் கிடைக்கவில்லை. அது நிறுவனத்தின் தவறன்று. படிக்காத என் தவறு.

கழகம் தந்ததற்கு ஒரு பத்திரம்; நாம் சேர்த்ததற்கு இன்னொரு பத்திரம். இதை நினைவில் வைத்தால் போதும். இரண்டாவதை நாமே விரும்பி எந்த நிறுவனத்திடமும் வாங்கலாம்.

எவ்வளவுக்கு? சந்தாவை மிச்சப்படுத்தத் தொகையைக் குறைக்காதீர்கள். 60,000 வெள்ளிப் பொருளை 30,000க்குக் காப்புறுதி செய்து, 20,000 வெள்ளி நட்டமானால், விகிதாசார விதியுள்ள பத்திரத்தில் 10,000 மட்டுமே கிடைக்கும்.

குழப்பம் வேண்டாம். மத்திய சேமநிதியின் இல்லப் பாதுகாப்புத் திட்டம் வேறு. உரிமையாளர் இறந்தாலோ நிரந்தரமாகச் செயலிழந்தாலோ வீட்டுக் கடனைத் தீர்க்க உதவுவது அது, தீக்கு அன்று.

பொருள்களைப் படம் எடுத்து, ரசீதுகளோடு வேறிடத்தில் வையுங்கள். தீ நேர்ந்தால் எரிந்தவற்றை அகற்றுமுன் நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள்.

1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்ததை மூத்தோர் அறிவர். இன்று நம் சுவர்கள் அத்தாப்பு அல்ல, சிமெண்டு. ஆயினும் உள்ளே இருப்பவை எரியக்கூடியவையே.

எங்கள் வீட்டில் இப்போதும் விளக்கேற்றுகிறோம். ஆனால் வெளியே புறப்படுமுன் மனைவி அதைக் குளிரவைத்துவிடுகிறார். நான் பத்திரத்தின் தேதியைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மலரை மூடியதும் நீங்களும் உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.