முதல் படி நம் வீட்டுக்கு

வங்கியில் 34 வருஷம் ஊரார் வரவு செலவைப் பார்த்தவன் நான். பேத்தியின் தட்டைப் பார்க்கத் தவறிவிட்டேன். என் தோட்டத்து முருங்கைக்கீரை சந்தைக்குப் போனது. நாலு வயசுப் பேத்தி பாக்கெட் நூடுல்ஸ் சாப்பிட்டாள். ரத்தசோகை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். "மாமா, தினமும் என்ன சமைக்கிறதுன்னு யோசிக்கிறதுலயே பாதி உசிரு போகுது" என்றாள் மருமகள். மூவரும் உட்கார்ந்து வாரக் கணக்குப் போட்டோம்.

ஞாயிறு: 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறவைத்து ஆட்டுவது. புளித்ததும் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும்.

திங்கள், செவ்வாய்: இட்லி.

புதன்: தோசை.

வியாழன்: மிச்ச மாவில் வெங்காயம் போட்டுக் குழிப்பணியாரம்.

வெள்ளி: முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை.

சனி: சாமை, பாசிப்பருப்புப் பொங்கல்.

சாயங்காலத்துக்கு முளைகட்டிய பச்சைப்பயறு. காலையில் ஊறவைத்து, ராத்திரி ஈரத்துணியில் கட்டினால் மறுநாள் முளை வந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். கீரை, பயறோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது குறையும்.

டாக்டர் தந்த மருந்தையும் நிறுத்தவில்லை. மூணு மாசத்தில் பேத்தி தெளிந்துவிட்டாள். இப்போது சந்தைக்கு மூட்டை கட்டுமுன் வீட்டுப் பங்கை எடுத்து வைத்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள்.