சேமிப்புத் தானியத்தில் பூசணமும் தழைச் சரக்குகளும்

களத்திலிருந்து வீட்டுக்கு வந்த தானியம் முழுவதும் கைக்குச் சேர்ந்துவிட்டதாக விவசாயி கருதுவது சரியன்று. குதிரிலும் பத்தாயத்திலும் சாக்கிலும் அது கிடக்கும் மாதங்களில் அந்துப்பூச்சியும் வண்டும் எலியும் தின்பது போக, பூசணம் என்னும் பூஞ்சக்காளானால் நேரும் சேதமும் உண்டு. முந்திய மூன்றும் கண்ணுக்குப் புலப்படும். பூசணமோ குதிரின் அடியிலும் சுவரோரத்திலும் மறைவாகத் தொடங்கி, முடைவாடை வீசும் போதுதான் வெளிப்படுகிறது. இதைத் தடுக்க வேம்பு, நொச்சி, வசம்பு முதலியவற்றை உபயோகிப்பது தொன்றுதொட்ட வழக்கம். அவை எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே பயன்படா என்பதை அறிந்து கையாளுதல் அவசியம்.

பூசணத்தின் வித்துக்கள் தூசியினும் நுண்ணியவை. காற்றிலும் களத்து மண்ணிலும் பழைய சாக்கின் இழைகளிலும் எப்போதும் உள்ளவை. அவற்றை அடியோடு ஒழித்தல் இயலாது. ஆனால் ஈரமின்றி அவை முளைக்க மாட்டா. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பாகத்திற்கு மேற்படாமலும், விதை நெல்லில் 13 பாகத்திற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். மக்காச்சோளத்திற்கு 12 பாகமும், தோலுடன் கூடிய நிலக்கடலைக்கு 8 பாகமும் எல்லை எனக் கொள்ளலாம். எண்ணெய் வித்துக்களில் சிறிது ஈரமே பூசணத்திற்குப் போதுமாதலால் நிலக்கடலையின் எல்லை இவ்வளவு குறைவாயிருக்கிறது.

ஈரத்தை அளக்கும் கருவி இல்லாதவர்கள் உப்பைக்கொண்டு சோதிக்கலாம். வாணலியில் நன்றாக வறுத்து ஆறவைத்த தூள் உப்பை ஒரு பிடி எடுத்து, உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் தானியத்துடன் இட்டு, மூடிச் சில நிமிஷங்கள் குலுக்கவேண்டும். சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கையில் உப்பு சீசாவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் தானியத்தில் ஈரம் நூற்றுக்கு 15 பாகத்திற்கு மேல் உண்டு, குதிருக்குத் தகாது. ஒட்டாவிடினும் பல்லால் கடித்துப் பார்த்தல் நல்லது. நன்கு காய்ந்த மணி ‘டக்’கென்று உடையும், ஈரமணி நசுங்கும். வெயிலில் காய்ந்த தானியத்தைச் சூட்டோடு கொட்டி மூடுதலும் கூடாது. உள்ளே எழும் ஆவி மேற்புறம் குளிர்ந்து வியர்த்து, காய்ச்சிய பயனைக் கெடுத்துவிடும்.

இனித் தழைகளைப் பற்றிக் கூறுவோம். வேப்பங்கொத்தையும் நொச்சிக் கொத்தையும் ஒடித்து வந்து பச்சையாகவே நெல்லின் நடுவே புதைப்பது பல வீடுகளில் காணப்படும் தவறு. பச்சிலையின் எடையில் பாதிக்கு மேற்பட்டது தண்ணீர். அத்தண்ணீர் அக்கம்பக்கத்து மணிகளில் ஏறுவதால், காப்பதற்கென்று வைத்த கொத்தைச் சுற்றியே முதற் பூசணம் பூக்கிறது. பிறகு தழையில் குணமில்லை என்று குறை கூறுகிறார்கள். தழையை நிழலில் உலர்த்தி, கையில் கசக்கினால் நொறுங்கும் பதம் வந்த பின்னரே இடவேண்டும்.

உலர்ந்த தழையும் ஈரத் தானியத்தை உலர்த்தித் தராது. அதன் முக்கியமான உதவி பூச்சியை விலக்குவதாகும். வண்டுகள் பெருகும் இடத்தில் அவற்றின் சுவாசத்தால் வெப்பமும் ஈரமும் கூடுகின்றன. மணிகளின் தோலும் துளைபடுகிறது. பூசணம் நுழைவதற்கு இதைவிட வசதியான வாயில் வேறில்லை. ஆகவே பூச்சியைக் குறைக்கும் சரக்கு பூசணத்தையும் ஓரளவு குறைக்கிறது. வேப்பிலைச் சாறு பூசணத்தின் வளர்ச்சியை அதிகமாகத் தடுக்காவிடினும், அது விஷத்தைச் சுரப்பதை வெகுவாகக் குறைப்பதாகப் பரிசோதனைச் சாலையில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே கண்டது பத்தாயத்தில் அப்படியே பலிக்கும் என்று நம்பி, பூசணம் பிடித்த தானியத்திற்கு வேப்பிலை போட்டு உண்பது பெரும் பிழை.

சாறு வகைகளைத் தானியத்தின்மேல் தெளிக்கலாகாது. சாக்கு, குதிர் இவற்றிற்கே பயன்படுத்தல் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம்பழங்களைச் சதை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்துக் கொள்ளலாம். பூசணம் பூத்த கொட்டையைக் கழித்துவிடவேண்டும். அதிலும் விஷம் இருக்கக்கூடும். அதன் பருப்பு ஒரு கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அந்நீரில் சாக்குகளை அரைமணி நேரம் நனைத்து எடுத்து, சொட்டு ஈரமும் இன்றி உலர்த்தியபின் தானியத்தைக் கட்டவேண்டும். குதிரின் உட்சுவரில் பூசுவதாயினும் அது நன்கு காய்ந்த பிறகே நெல்லைக் கொட்டவேண்டும். விதைக்கென்று வைக்கும் பயறு வகைகளுக்குக் கிலோ ஒன்றுக்கு 10 கிராம் வீதம் வசம்புத் தூள் கலக்கலாம். வசம்பில் உடலுக்குத் தீங்கு தரும் அசரோன் என்னும் சத்து இருப்பதால், உண்ணும் தானியத்தில் அதைக் கலவாதிருத்தல் நலம்.

பூசணத்தைச் சாதாரணமாக நினைப்பவர்கள் 1974ஆம் வருஷத்துச் சம்பவத்தை அறிதல் வேண்டும். ராஜஸ்தானத்தில் பான்ஸ்வாடா ஜில்லாவிலும், குஜராத்தில் பஞ்சமகால் ஜில்லாவிலும் அறுவடைக் காலத்தில் பெய்த மழையால் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. வேறு உணவில்லாத ஏழை ஜனங்கள் அதையே உண்டார்கள். மஞ்சட் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு 100 பேருக்கு மேல் மாண்டனர்; அவ்வீடுகளின் நாய்களும் இறந்தன. ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் சுரக்கும் அப்ளாடாக்ஸின் என்ற விஷமே காரணமாகும். கழுவினாலும் வேகவைத்தாலும் அது நீங்காது. கறவை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் இறங்கும். எனவே கெட்ட தானியத்தைத் தம் வீட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கிக் கூலியாள்களுக்கு அளப்பதும், தொழுவத்தில் கொட்டுவதும் நிலச்சுவான்தார்கள் அறவே விடவேண்டிய வழக்கம். கிராம உத்தியோகஸ்தர்களும் தங்கள் ஊரில் அவ்வாறு நடவாதபடி கவனித்தல் வேண்டும். அத்தகைய தானியத்தைப் புதைத்துவிடுவதே தகும்.

குறுவை நெல் ஐப்பசி மழையில் அகப்படுவதால் அதில் அதிகக் கண்காணிப்புத் தேவை. அதைச் சென்ற சாகுபடியின் நெல்லுடன் சேர்க்காமல் தனியே வைத்து, மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் அடுக்கவேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடு மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை நுழைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே வெதுவெதுப்புத் தட்டினால் தழையைத் தேடி ஓடாமல், அன்றே மூட்டைகளைக் களத்திற்கு எடுத்துச்சென்று, பூசணம் கண்ட பகுதியைப் பிரித்துத் தள்ளி, எஞ்சியதை மெல்லிதாகப் பரப்பி உலர்த்தவேண்டும்.