சொன்ன கதையும் அடித்த கோலும்

கண்டியில் பந்து என்றால் பலருக்கு அது நீள்வட்டமாகத்தான் தெரியும். நித்தவெல ரக்பி மைதானமும் டிரினிட்டி கல்லூரியும் ஊரை அப்படிப் பழக்கிவிட்டன. மிஞ்சிய கவனத்தைப் பல்லேகல கிரிக்கெட் மைதானம் எடுத்துக்கொண்டது. உருண்டைப் பந்து போகம்பரை மைதானத்திலும், நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் துண்டு நிலத்திலும் உருள்கிறது. ஆடுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் சர்வதேசப் போட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிடும். அப்படி முளைத்தவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: உதைபந்தாட்டத்தில் இலங்கை ஒரு கிண்ணமும் வென்றதில்லை.

வென்றிருக்கிறது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ணப் போட்டியில் இலங்கைதான் சம்பியன். இன்று ‘சாஃப்’ சம்பியன்ஷிப் என்கிறோமே, அந்தத் தொடரின் இரண்டாவது போட்டி அது. முதலாவது 1993இல் லாகூரில் நடந்தபோது இந்தியா முதலிடத்தையும் இலங்கை இரண்டாமிடத்தையும் பிடித்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இரு அணிகளும் கொழும்பில் இறுதியாட்டத்தில் சந்தித்தன. உரிய நேரத்தில் எவரும் கோல் போடவில்லை. மேலதிக நேரத்தில் இலங்கை ஒன்று போட்டது. அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்தது. எஞ்சிய நிமிடங்களை ஆடித் தீர்க்க வேண்டியதில்லை, முதலில் போடுபவருக்கே வெற்றி என்ற ‘தங்க கோல்’ விதி அன்று நடைமுறையில் இருந்தது.

இதே விதியால் முடிவான இறுதியாட்டம் என்றால் உலகம் 1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தைத்தான் சொல்லும். வெம்பிளியில் செக் குடியரசுக்கு எதிராக ஜெர்மனியின் ஒலிவர் பியர்ஹொஃப் போட்ட கோல் அது. கொழும்பில் அதற்கு ஓராண்டுக்கும் முன்பே அப்படியொரு இறுதியாட்டம் நடந்துவிட்டது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியதால் வெம்பிளி நிலைத்தது. காட்ட ஆளில்லாததால் கொழும்பு மறந்துபோனது. இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக அந்த ஒரு கிண்ணத்தையே தலைமுறை தலைமுறையாகத் தூக்கிக்கொண்டு திரியவும் முடியாது. அதன்பின் ‘சாஃப்’ இறுதியாட்டம் ஒன்றுக்கு இலங்கை போனதே இல்லை. 2006இல் டாக்காவில் நடந்த ஆசிய சவால் கிண்ணத்தில் இறுதிவரை போய் தஜிகிஸ்தானிடம் 4-0 எனத் தோற்றது. அதே ஆண்டு கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் பாகிஸ்தானிடம் 1-0 எனத் தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு நின்றது. 2021இல் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியின் இறுதியாட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிய, பெனால்டி உதைகளில் சீஷெல்ஸ் கிண்ணத்தைக் கொண்டுபோனது. ஒன்றுமே இல்லை என்பதும் பொய். ஒரு காலத்தில் பெரிய ஜாம்பவான்களாக இருந்தோம் என்பதும் பொய்.

நம்பிக்கை: இந்தியா வந்தால் கிண்ணம் இந்தியாவுக்குத்தான்.

பெரும்பாலும் சரி, முழுவதும் சரியல்ல. 1993 முதல் 2023 வரை நடந்த 14 ‘சாஃப்’ போட்டிகளில் இந்தியா 9 முறை வென்றது. மிச்சம் ஐந்தில் இலங்கை, பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, மாலைதீவுக்கு இரண்டு. கண்டி மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிகூட இல்லாத நாடு மாலைதீவு. அது இரண்டு முறையும் இறுதியாட்டத்தில் தோற்கடித்தது இந்தியாவைத்தான்: 2008இல் கொழும்பில் 1-0, 2018இல் டாக்காவில் 2-1. ஆள்பலம் இல்லை, சின்ன நாடு என்று நம் தோல்விகளுக்குச் சொல்லும் சாக்கு மாலைதீவுக்காரர் முன்னால் செல்லாது.

நம்பிக்கை: நம் பிராந்தியத்தில் இப்படிப்பட்ட போட்டிகள் தொண்ணூறுகளில்தான் தொடங்கின.

1952இலேயே ‘கொழும்புக் கிண்ணம்’ இருந்தது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா என நான்கு நாடுகள் ஆடிய போட்டி. முதல் முறை கொழும்பில் நடந்தது. பிறகு ரங்கூன், கல்கத்தா, டாக்கா என நகரம் நகரமாகப் போய் 1955இல் நின்றுவிட்டது. முதல் முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்த மூன்றும் இந்தியாவுக்கு. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு உருவானதே 1954இல்தான். அதற்கு முன்பே ஒரு பிராந்தியக் கிண்ணத்துக்குக் கொழும்பின் பெயர் வைத்திருந்தார்கள் என்பது இன்று பாடசாலை அணியில் ஆடும் பிள்ளைகளுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் சந்தேகம்தான்.

நம்பிக்கை: வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றதால்தான் இந்தியா 1950 உலகக் கிண்ணத்துக்குப் போகவில்லை.

சப்பாத்து இல்லாமல் விளையாடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஆறுதலாக இருக்கும். ஆனால் கணக்கு இடிக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடித்தான் பிரான்ஸிடம் இந்தியா 2-1 எனத் தோற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு இறங்கினர். யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்து அனுப்பியது. 1950இல் தடுத்தவர்கள் 1952இல் எப்படி விட்டார்கள்? அணித் தெரிவில் இழுபறி, பயிற்சிக்கு நேரமின்மை என்பவைதான் அன்று இந்திய சம்மேளனம் சொன்ன காரணங்கள். ஒலிம்பிக்கே பெரிது, உலகக் கிண்ணம் அவ்வளவு முக்கியமல்ல என்பது அன்றைய நினைப்பு என்று அந்த அணியின் சைலன் மன்னா பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

நம்பிக்கை: 2019இல் மக்காவுவை இலங்கை 3-0 எனப் புரட்டி எடுத்தது.

பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஒருவரும் பந்தை உதைக்கவில்லை. உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் முதல் ஆட்டத்தில் மக்காவு 1-0 என வென்றிருந்தது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மக்காவு அணி கொழும்புக்கு வர மறுத்தது. ஃபிஃபா ஆட்டத்தை இலங்கைக்கு 3-0 என்று எழுதிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

இதோடு சேர்த்து இன்னொன்று. 2023இல் பெங்களூரில் நடந்த ‘சாஃப்’ போட்டியில் இலங்கை இல்லாததற்கு மோசமான ஆட்டம் காரணமல்ல. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று கூறி அந்த ஆண்டு ஜனவரியில் ஃபிஃபா விதித்த இடைநிறுத்தம்தான் காரணம். தடை ஆகஸ்டில் நீங்கியபோது போட்டி முடிந்துவிட்டிருந்தது.

நம்பிக்கை: உதைபந்தாட்டம் ஒன்றுக்காக இரண்டு நாடுகள் போருக்கே போயின.

உலகம் முழுக்கச் சுற்றும் கதை இது. 1969இல் எல்சல்வடோரும் ஹொண்டுராஸும் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மோதின. முதல் ஆட்டம் ஹொண்டுராஸுக்கு, இரண்டாவது எல்சல்வடோருக்கு. ஜூன் 27ஆம் திகதி மெக்சிகோ நகரில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் 3-2 என எல்சல்வடோர் வென்றது. ஜூலை 14ஆம் திகதி அதன் படை ஹொண்டுராஸுக்குள் புகுந்தது. சண்டை நான்கு நாட்களில் ஓய்ந்தாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ‘உதைபந்துப் போர்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருந்தது காணிப் பிரச்சினை. பிழைப்புத் தேடிப் போய் ஹொண்டுராஸில் குடியேறிய சல்வடோர்காரர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். தோட்டங்களில் வேலை செய்தார்கள், தரிசு நிலத்தில் பயிரிட்டார்கள். காணிச் சீர்திருத்தம் வந்தபோது நிலம் அங்கே பிறந்தவர்களுக்குத்தான் என்றார்கள். வந்தேறிகள் என்ற பட்டத்தோடு குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். மைதானத்தில் மூண்ட வெறி அந்த நெருப்புக்கு நெய் ஊற்றியது உண்மை; நெருப்பை மூட்டியது அதுவல்ல.

மலையக வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களை, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பங்குபோட்டது. தலைமன்னாருக்கு ரயிலேறிப் போனவர்களின் உறவுகள் இன்றும் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருக்கிறார்கள். இங்கே அதற்குப் பழிபோட ஒரு உதைபந்தாட்டம் இருக்கவில்லை. அதனால் காரணம் எல்லாருக்கும் நேராகத் தெரிந்தது. அங்கே மூன்று ஆட்டங்கள் குறுக்கே வந்து காணியை மறைத்துவிட்டன.

எல்சல்வடோர் 1970 உலகக் கிண்ணத்துக்குப் போய் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை. இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது 1980இல். எல்லைத் தகராறுக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1992இல்.