வார்ப்புத் தகடும் அயலவர் முகமும்

மட்டக்களப்பார் மந்திரத்தில் வல்லவர் என்றும், தம்மிடம் வந்தாரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்றும் ஒரு பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. யாம் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்ற நாளில், கோமாரியிலிருந்து வந்தோம் என்றறிந்த நண்பர் சிலர், எமது பாயில் அமரத் தாம் அஞ்சுவதாகச் சொல்லி நகைப்பர். யாமும் உடன் நகைப்போம். வந்தவர் மீண்டு செல்ல மனங்கொள்ளாவண்ணம் விருந்தோம்பும் இயல்பையே அப்பேச்சுக் குறித்தது என நம்மூர்ப் பெரியோர் விளக்கம் கூறுவர். விளக்கம் நன்றே. ஆயினும், ஒரு மந்திரமும் ஓதியறியாத ஒருவன் தன் ஊர்ப்பெயர் காரணமாகவே மந்திரவாதியாகக் கொள்ளப்படுவது எத்தகையது என்பதை யாம் அங்கே கற்றுக்கொண்டோம். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

இத்தகைய முன்முடிவுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் அச்சுக்கூடத்திற் பிறந்தது. எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கத்தை அமைத்தபின், அதன்மேல் அச்செடுத்து, ஈயத்தை உருக்கி வார்த்து, ஒரே தகடாக்கிவிடுவர். அதன்பின் எழுத்துக் கோக்கும் வேலை இல்லை. அத்தகட்டையே வைத்து எத்தனை ஆயிரம் படியும் அடிக்கலாம். வால்ட்டர் லிப்மன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922ஆம் ஆண்டு வெளியிட்ட பொதுசன அபிப்பிராயம் பற்றிய நூலில், மனிதர் உள்ளத்திலும் இத்தகைய தகடுகள் உள என்று காட்டினார். நாம் முதலிற் கண்டு பின்னர் வரையறை செய்வதில்லை; முதலில் வரையறை செய்துகொண்டு, பின்னரே காண்கின்றோம் என்பது அவர் கருத்து. பத்திரிகையும் வானொலியும் திரைப்படமும், இக்காலத்து முகநூலும், அத்தகட்டுக்கு மை பூசும் கருவிகள்.

மை பூசப்பட்டால் விளைவது யாது? இதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் தலைப்பட்டினமாகிய அம்பாறைக்குக் கச்சேரி அலுவலாகச் சென்று பசியாறி வராதவர் நம்முள் எவர்? அந்நகரிலே, 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவுச்சாலையில் உண்டுகொண்டிருந்த ஒருவர் தம் கறியிற் கட்டியான ஏதோவொன்றைக் கண்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் திரண்டது. பணம் வாங்கும் இடத்தில் இருந்த இளைஞரோ தமிழ் பேசுபவர். சிங்களம் அரைகுறையாகவே அறிந்தவர். சூழ்ந்து நின்றோர் கேட்ட வினா அவருக்குச் செவ்வனே விளங்கவில்லை. அச்சத்தினால் அவர் தடுமாறிச் சொன்ன விடை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டது. அதனைப் படம்பிடித்து முகநூலிற் பரப்பினர். கடையும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் அக்கட்டியை ஆராய்ந்தார். அது மாவுக்கட்டி.

உணவிலிட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லை. எனினும், கற்றோரும் கல்லாரும் அதனை நம்பினரே, எவ்வாறு? அன்றிரவு புதிதாக எழுத்துக் கோக்க வேண்டியிருக்கவில்லை. தகடு முன்னரே வார்க்கப்பட்டிருந்தது. ஒரு சமூகத்தார் தம் தொகையைப் பெருக்கிப் பிறர் தொகையைக் குறைக்கச் சூழ்ச்சி செய்கின்றனர் என்னும் கதை பல்லாண்டு அச்சிலும் பேச்சிலும் வழங்கியிருந்தது. மாவுக்கட்டி அதற்கு மை ஆயிற்று. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்துத் திகனையிலும் அயலூர்களிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அங்கு உடனடிக் காரணம் வேறு. பாரவண்டிச் சாரதியொருவர் தாக்கப்பட்டு இறந்தமையே அது. ஆயினும் அம்பாறைப் படம் அதற்குமுன் எங்கும் பரவியிருந்தது. மார்ச் 6இல் அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் முகநூல் முதலியன தடுக்கப்பட்டன. தன் தளம் அக்கலவரத்திற்குப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். இரண்டாண்டு கடந்த வருத்தம்!

முகநூலை மாத்திரம் பழித்து நாம் தப்பிவிட முடியாது. 2019 ஏப்ரில் 21ஆம் நாளின் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னர், மே 23இல், ‘திவயின’ நாளிதழ் தன் முதற்பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்தப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்பது அதன் சாரம். குருநாகலில் மருத்துவர் ஒருவர் கைதானார். அதற்குச் சான்று கிடைக்கவில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் வெளிவந்தார். முதற்பக்கத்துச் செய்தியை வாசித்தவர் எத்தனை பேர் பின்னைய செய்தியையும் வாசித்திருப்பர் என மாணவர் எண்ணிப் பார்க்க.

அம்பாறைச் செய்தியை அறிந்தபோது எம் நெஞ்சை உறுத்தியது ஒன்றுண்டு. அவ்விடத்திற் கோமாரியைச் சேர்ந்த இந்து இளைஞன் ஒருவன் நின்றிருப்பினும் அதே தடுமாற்றத்துடன் அதே விடையையே சொல்லியிருப்பான். மொழியால் அவ்விளைஞர் நம்மவர். எனினும் நம்மவருட் சிலர் அன்று அதனை ‘அவர்களுடைய’ விடயமாகக் கருதி வாளாவிருந்தனர். ஏன்? நம்மிடமும் ஒரு தகடு உளது. அதனைக் கூறுமுன் எம் குற்றத்தையே கூறிவிடுதல் முறை.

பல்லாண்டுகளின் முன், பாடசாலை விழாவொன்றிற்கு யாம் ஒரு நாடகம் எழுதினோம். அதில் முஸ்லிம் வணிகர் ஒருவர் வருவார். தொப்பியும் பெட்டிச்சாரமும் அணிவித்து, ‘நம்பள், நிம்பள்’ என்று அவரைப் பேசச் செய்தோம். அவர் வாய் திறந்தபோதெல்லாம் அவையில் ஒரே சிரிப்பு. அவ்வவையில், பொத்துவிலிலிருந்து துணி கொண்டுவந்து எம்மூரில் விற்கும் பெரியவர் ஒருவரும் இருந்தார். எம் தாய்க்குக் கடனாகச் சேலை கொடுத்தவர். யாம் ‘காக்கா’ என்றே அழைப்போம். விழா முடிந்தபின் அருகே வந்து, “சேர், நாம எல்லாரும் ஒரே பாஷதானே கதைக்கிற? அந்த முதலாளி மட்டும் ஏன் அப்பிடிக் கதைச்சவர்?” என்றார். கோபமின்றியே கேட்டார். எம்மிடம் விடை இல்லை. இக்கரையில் எந்த முஸ்லிமும் அவ்வாறு பேசியதை யாம் கேட்டதில்லை. தென்னிந்தியத் திரைப்படங்களிற் கேட்டதை, அண்டை வீட்டுக் குரலினும் மெய்யென எம் பேனை நம்பிவிட்டது. ‘காக்கா’ என்பதோ அவர்கள் வழக்கில் தமையனைக் குறிக்கும் சொல். அன்போடு நாள்தோறும் நாம் அழைக்கும் அப்பெயரையே மேடையிற் கேலிப்பெயராக்கினோம்.

ஈழத்தில் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ்ப் பத்திரிகையை 1882இல் தொடங்கியவர் அறிஞர் சித்திலெப்பை. நம் நாட்டின் முதற் தமிழ் நாவலென எண்ணப்படும் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ 1885இல் அவர் எழுதியது. மருதமுனையோ புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களைத் தந்த ஊர். இவற்றையெல்லாம் வகுப்பிற் கற்பித்துக்கொண்டே அந்நாடகத்தை எழுதினோம் என்பதுதான் வியப்பு. (2000இல் வந்த ‘தெனாலி’ படத்தின் பின், இலங்கைத் தமிழர் யாவரும் அக்கதாநாயகனைப் போலவே பேசுவர் என எண்ணும் இந்திய அன்பர் உளர். நம் கிழக்குப் பேச்சைக் கேட்டால் அவர்கள் மயங்குவர். தகடு எவரையும் விடுவதில்லை.)

அதுமுதல் எம் வகுப்பில் ஒரு பயிற்சியை நடத்தி வருகின்றோம். மாணவர் பத்திரிகைத் துணுக்குகளைக் கொண்டுவருவர். செய்தியில் ஒருவரது இனம், மதம், ஊர், தொழில் என்பவற்றைக் குறிக்கும் அடைமொழிகளை வெட்டிவிட்டு மீண்டும் வாசிக்க வேண்டும். பொருள் குன்றாது நின்றால், அவ்வடைமொழி அங்கு எதற்காக வந்தது? இலங்கைப் பத்திராதிபர் சங்கத்தின் ஒழுக்கக் கோவையும், செய்திக்கு இன்றியமையாதவிடத்தன்றி இனமத அடையாளம் வேண்டா என்றே விதிக்கின்றது. பின்னர், அவ்விடத்தில் தம் சமூகத்தின் பெயரை இட்டு வாசிக்கச் சொல்வோம். திருடியவன், போதைப்பொருளுடன் பிடிபட்டவன், மனைவியை அடித்தவன் எனத் தொடரும் செய்திகளில் ‘தமிழ் இந்து’ என்று இட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். ஒருமுறை மாணவி ஒருத்தி, தோட்டத் தொழிலாளர் பற்றிய துணுக்கை வாசித்துவிட்டு, மலையக மக்களை நம் வீடுகளில் அழைக்கும் இழிபெயரைத் தானே எழுந்து சொல்லி, அதனையும் வெட்டலாமா என்று கேட்டாள். பத்திரிகையில் இல்லாத சொல்லை எவ்வாறு வெட்டுவது என அன்று எமக்குத் தெரியவில்லை.

அந்நாடகத்தைப் பின்னர் திருத்தி எழுதினோம். மேடையேற்றுமுன் கையெழுத்துப் படியைத் துணி வணிகரிடமே கொடுத்தோம். திண்ணையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, முழுவதையும் பொறுமையாக வாசித்தார். ஓரிடத்தில் மாத்திரமே பேனையை வைத்தார். வணிகர் கூற்றில் யாம் ‘பிறகு’ என்று எழுதியிருந்தோம். அதனை வெட்டிவிட்டு, நாம் இருசாராரும் வீட்டில் வழங்கும் ‘மறுகா’ என்பதை அதன்மேல் எழுதித் தந்தார்.